கவசத்தில் பூவேலை எதற்கு?

சென்ற தைப்பூசம் முடிந்து பள்ளி தொடங்கிய முதல் வாரம். படிவம் 4 வேதியியல் வகுப்பில் கலப்புலோகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வெண்கலம், பித்தளை, எஃகு, பியூட்டர் என்று அட்டவணையைக் கரும்பலகையில் எழுதி முடித்ததும் பின்வரிசையில் ஒரு மாணவர் கை தூக்கினார்.

"டீச்சர், கோயிலில் முருகனுக்கு வெள்ளிக் கவசம் சாத்தியிருந்தார்கள். பக்கத்திலேயே வேலும் இருந்தது. அந்த வேலால் அந்தக் கவசத்தைக் குத்தினால் ஓட்டை விழுமா, விழாதா?"

வகுப்பு சிரித்தது. எனக்கோ சட்டென்று பதில் வரவில்லை. கவசம் என்றால் உடலைக் காப்பது. ஆனால் நாம் கோயிலில் பார்க்கும் கவசத்தில் மயில் இருக்கிறது, தாமரை இருக்கிறது, மணிமாலை இருக்கிறது. அடியை வாங்க வேண்டிய தகட்டில் பூவேலை எதற்கு? அது அழகுக்கு மட்டும்தானா? அந்த ஒரு கேள்வியைத் தேடிப் போனபோது கும்பகோணத்துப் பட்டறையும், 2,700 ஆண்டுகளுக்கு முந்தைய இத்தாலியக் கல்லறைகளும், நம் பாடநூலின் அணுக்களும் ஒரே வரிசையில் வந்து நின்றன. அதைத்தான் இந்த வாரம் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

கவசம் எப்படிப் பிறக்கிறது?

முதலில் நமக்குத் தெரிந்த கவசத்தில் தொடங்குவோம். கோயில் கவசத்தை உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்வதில்லை. செம்பு, பித்தளை அல்லது வெள்ளித் தகட்டை எடுத்து, சிலையின் அளவுக்கு வெட்டி, தட்டித் தட்டியே உருவம் கொண்டுவருகிறார்கள். பெரும்பாலான தங்கக் கவசங்களும் உள்ளே செம்புதான். மேலே தங்கம் பூசியிருப்பார்கள்.

தட்டும்போது தகடு கிழிந்துவிடக் கூடாது. அதற்காகத் தகட்டை அரக்கின் மேல் பதித்துவைப்பார்கள். குங்கிலியம், செங்கல் தூள், எண்ணெய் போன்றவற்றைக் காய்ச்சிச் சேர்த்த கலவை அது. உறுதியாகவும் இருக்கும், அடித்தால் கொஞ்சம் உள்வாங்கவும் செய்யும். தகட்டின் பின்புறத்திலிருந்து மொட்டை உளியால் அடித்தால் முன்புறம் புடைத்து வரும். பிறகு தகட்டைத் திருப்பி, முன்புறத்திலிருந்து சிறிய உளிகளால் இதழ், இறகு, முத்து என்று நுணுக்கம் சேர்ப்பார்கள். இதற்குத் தமிழில் நகாசு வேலை என்று பெயர்.

கோயில் கவசங்கள் எல்லாமே அலங்காரத்துக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னை திருவொற்றியூர்க் கோயிலில் ஆதிபுரீசுவரர் புற்று வடிவில் இருக்கிறார். மண் புற்றுக்குத் தண்ணீர் அபிசேகம் தாங்குமா? அதனால் ஆண்டு முழுதும் கவசம் மூடியே இருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் அதைத் திறக்கிறார்கள். அங்கே கவசம் உண்மையாகவே காவல் காக்கிறது.

சங்க இலக்கியத்தில் கவசத்துக்கு 'மெய்ம்மறை' என்று ஒரு சொல் உண்டு. மெய்யை மறைப்பது மெய்ம்மறை. சிலைக்கு அணிவிப்பது இருக்கட்டும். பூவேலை செய்த உலோகத் தகட்டை மனிதர்களே மெய்ம்மறையாக அணிந்திருக்கிறார்களா?

எட்ருஸ்கர்களின் மார்புத் தகடு

அணிந்திருக்கிறார்கள். உரோமப் பேரரசு உருவாவதற்கு முன்பு, இத்தாலியின் நடுப்பகுதியில், ஆர்னோ ஆற்றுக்கும் டைபர் ஆற்றுக்கும் இடையே எட்ருஸ்கர்கள் என்ற மக்கள் வாழ்ந்தார்கள். உலோக வேலையில் அவர்கள் பெரிய கைகாரர்கள். ஊருக்கு வெளியே தங்கள் இறந்தோருக்கு வீடு போலவே கல்லறைகள் கட்டினார்கள். செர்வெத்தேரி, தார்க்குவீனியா என்ற இரண்டு ஊர்களின் கல்லறை வெளிகள் 2004ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. வீரர்களை அடக்கம் செய்தபோது அவர்களுடைய போர்க்கோலத்தையும் உடன் வைத்தார்கள். அதனால்தான் அவை நமக்குக் கிடைத்தன.

1869ஆம் ஆண்டு தார்க்குவீனியாவில் ஒரு கல்லறை திறக்கப்பட்டது. 'வீரனின் கல்லறை' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் கிடைத்த பொருள்களில் ஒன்று, வெண்கலத்தின் மேல் தங்கத் தகடு போர்த்திய மார்புத் தகடு. அதன் மேல் புடைப்பு வேலை. இன்று அது ஜெர்மனியின் பெர்லினில் இருக்கிறது.

எட்ருஸ்கர் நிலத்தின் எல்லையில் உள்ள நார்ச்சே என்ற ஊரின் 43ஆம் கல்லறையில் ஒரு வீரனின் முழுக்கோலமே கிடைத்தது. தலைக்கவசம், மார்புக்கவசம் இரண்டும் வெண்கலத் தகடு. மேலே பின்புறமிருந்து தட்டி எழுப்பிய குமிழ்கள். அவை அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ளன.

சில நூற்றாண்டுகள் கழித்து அலங்காரத்தின் பாணி மாறியது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில், ஓர்வியேத்தோ நகருக்கு அருகே புதைக்கப்பட்ட வெண்கலக் கவசத்தில் குமிழ்களுக்குப் பதிலாக மனித உடலே வடிக்கப்பட்டிருக்கிறது. மார்பு, விலா, வயிற்றுத் தசைகள் எல்லாம் தகட்டில் மேடும் பள்ளமுமாகத் தெரியும். அணிந்தவர் எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும் எதிரிக்குத் தெரிவது உருண்டு திரண்ட உடம்புதான்!

கோயில் பட்டறையில் பார்த்த வேலையும் இதுவும் அடிப்படையில் ஒன்று. தகடு, உளி, சுத்தியல், பின்புறமிருந்து ஓர் அடி, முன்புறமிருந்து ஓர் அடி. அந்த அடியால் உலோகத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் நம் மாணவரின் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

பத்தில் ஒரு பங்கு ஈயம்

தூய செம்பு மென்மையானது. அதன் அணுக்கள் எல்லாம் ஒரே அளவு. அடுக்கடுக்காக ஒழுங்காக அமைந்திருக்கின்றன. அடி விழுந்தால் ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின் மேல் எளிதாக வழுக்கிப்போகும். அதனால் செம்பு வளைகிறது, நசுங்குகிறது.

செம்பு 90 பங்கு, வெள்ளீயம் 10 பங்கு சேர்த்தால் வெண்கலம். வெள்ளீயம் என்பது நம் நாட்டில் எல்லாரும் ஈயம் என்று சொல்கிற அதே உலோகம். பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈய லம்பங்கள் இருந்ததைத் தாத்தா பாட்டியிடம் கேட்டிருப்பீர்கள். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகச் சந்தைக்கு மிக அதிகமாக ஈயம் அனுப்பிய நாடு நம் நாடுதான். கண்ணுக்குக் கருப்பாக இருக்கும் காரீயம் வேறு உலோகம், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஈயத்தின் அணு செம்பின் அணுவைவிடப் பெரியது. ஒழுங்கான அடுக்குக்குள் அது புகுந்ததும் வரிசை கோணலாகிறது. அடுக்குகள் முன்போல் வழுக்க முடிவதில்லை. உலோகம் கடினமாகிறது. இதுவரை உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. தூய செம்பு 1,085 பாகை செல்சியசில் உருகும். பத்து விழுக்காடு ஈயம் கலந்தால் ஏறத்தாழ 1,000 பாகையிலேயே முழுதும் உருகிவிடும். கரியும் துருத்தியும் மட்டும் வைத்திருந்த கொல்லருக்கு இந்த 85 பாகை வேறுபாடு பெரிய உதவி.

எட்ருஸ்கர்களின் நிலத்தில் செம்புத் தாது நிறைந்த குன்றுகள் இருந்தன. இன்றைய இத்தாலிய மொழியிலும் அவற்றுக்கு 'உலோகக் குன்றுகள்' என்ற பொருளுடைய பெயர்தான். எல்பா தீவில் இரும்புத் தாது கிடைத்தது. அதைப் பொப்புலோனியா நகருக்குக் கொண்டுவந்து உருக்கினார்கள். இரும்பு கையில் இருந்தும் மார்புக்கவசத்தை ஏன் வெண்கலத்தில் செய்தார்கள்?

காரணம் அக்கால உலையின் வெப்பம். இரும்பு உருக 1,538 பாகை வேண்டும். அந்த வெப்பத்தை அவர்களுடைய உலை எட்டவில்லை. அதனால் இரும்பு திரவமாக ஓடாமல், கசடு கலந்த பஞ்சு போன்ற கட்டியாகவே கிடைத்தது. அதைக் காய்ச்சிக் காய்ச்சி அடித்து வாளோ ஈட்டிமுனையோ செய்யலாம். ஒரு மார்பளவு அகலத்துக்கு மெல்லிய, ஓட்டையில்லாத தகடாக விரிப்பது மிகக் கடினம். வெண்கலத்தை உருக்கிப் பலகையாக வார்த்துவிட்டால், பிறகு அடித்து விரித்துக்கொண்டே போகலாம்.

இதே காரணத்தால்தானோ என்னவோ, தமிழ்நாட்டிலும் இரண்டு உலோகங்களும் வேலையைப் பிரித்துக்கொண்டன. தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ என்பவர் அகழாய்வு செய்தார். முதுமக்கள் தாழிகளோடு கிடைத்த வாள், ஈட்டி, வேல் போன்றவை இரும்பில் இருந்தன. விலங்கு, பறவை உருவங்கள் கொண்ட அழகிய மூடிகளும் கலங்களும் வெண்கலத்தில் இருந்தன. அதற்கு முன்பே, 1876இல், யாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டி எடுத்த பொருள்கள் பெர்லினுக்குப் போய்விட்டன. தார்க்குவீனியா வீரனின் மார்புத் தகடும் ஆதிச்சநல்லூர்ப் பொருள்களும் இன்று ஒரே நகரத்தில் இருக்கின்றன.

அடிக்க அடிக்க இறுகும்

இப்போது பாடநூலைத் தாண்டி ஒரு படி போவோம்.

உலோகத்தின் அணு வரிசைகள் முழுக்க ஒழுங்கானவை அல்ல. இடையிடையே வரிசை தப்பிய இடங்கள் உண்டு. இவற்றைப் பிறழ்வுகள் என்பார்கள். பெரிய பாயை ஒரே இழுப்பில் இழுப்பது கடினம். ஒரு முனையில் மடிப்பு ஏற்படுத்தி அந்த மடிப்பைத் தள்ளிக்கொண்டே போனால் பாய் எளிதாக நகரும் அல்லவா? உலோகம் வளைவதும் அப்படித்தான். பிறழ்வுகள் நகர நகர, அடுக்குகள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கின்றன.

சுத்தியலால் அடிக்கும் ஒவ்வோர் அடியும் புதுப் பிறழ்வுகளை உண்டாக்குகிறது. குறைவாக இருந்தால் அவை தாராளமாக ஓடும். மிகுந்துவிட்டால் ஒன்றை ஒன்று மறித்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை மாலை ஜொகூர் கடற்பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு கார் இருந்தால் பறக்கலாம். நாலாயிரம் கார் வந்துவிட்டால் ஒன்றும் நகராது. பிறழ்வு நகராவிட்டால் உலோகம் வளையாது. அதாவது, இறுகிவிட்டது.

எண்ணில் பார்ப்போம். விக்கர்ஸ் என்னும் கடினத்தன்மை அளவில், இளகிய நிலையில் தூய செம்பு ஏறத்தாழ 50. பத்து விழுக்காடு ஈயம் சேர்ந்த வெண்கலம் இளகிய நிலையில் ஏறத்தாழ 90 முதல் 100. அதே வெண்கலத்தைக் குளிர்ந்த நிலையில் நன்றாக அடித்தால் 200ஐத் தாண்டும். ஈயம் ஒருமுறை இரட்டிப்பாக்கியது. சுத்தியல் மறுமுறை இரட்டிப்பாக்கியது!

ஆனால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நெரிசல் எல்லை மீறினால் உலோகம் வளைய வழியின்றி விரிசல் விடும். பல நாள் உழைத்த கவசம் கடைசி அடியில் கிழிந்து போகலாம். அதனால் கொல்லர் நடுநடுவே தகட்டை நெருப்பில் காட்டிச் சிவக்கக் காய்ச்சுவார். அந்த வெப்பத்தில் அணுக்கள் புதிதாக அணிவகுத்துக்கொள்ளும், நெரிசல் கலைந்துவிடும், தகடு மறுபடி இளகும். பிறகு மறுபடி அடி, மறுபடி நெருப்பு. கடைசிச் சுற்றில் மட்டும் அடித்துவிட்டு நெருப்பில் காட்டாமல் விட்டுவிட வேண்டும். அந்தக் கடைசி அடிகளின் இறுக்கம்தான் வீரனின் மார்பில் நிற்கும்.

எப்போது நிறுத்த வேண்டும் என்று கொல்லருக்கு எந்தக் கருவியும் சொல்லவில்லை. சுத்தியல் திரும்பத் துள்ளும் விதமும், தகடு எழுப்பும் ஓசையும், நெருப்பில் அதன் நிறமும்தான் அவருக்கு அளவுகோல்.

செய்து பாருங்கள் (1): மின்கம்பியின் உள்ளே இருக்கும் தடித்த செம்புக் கம்பித் துண்டு ஒன்றை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். மின்சாரத்தோடு இணைந்த எந்தக் கம்பியையும் தொடாதீர்கள். துண்டை ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக வளையுங்கள். நான்கைந்து தடவைக்குப் பிறகு அந்த இடம் முரண்டு பிடிப்பதை விரல்கள் உணரும். மேலும் வளைத்தால் முறிந்துவிடும். இன்னொரு துண்டை இறுகும் வரை வளைத்துவிட்டு, ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் முன்னிலையில், புன்சன் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். ஆறிய பிறகு வளைத்தால் புதுக் கம்பி போல இளகியிருக்கும். எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இறுகும், செம்பு அப்படியில்லை.

பூ என்பது ஒரு மேடு

இனி நம் கேள்விக்கு வருவோம். பூவேலை எதற்கு?

பூவின் இதழும், குமிழும், தசைக்கோடும் தகட்டின் பார்வையில் என்ன? மேடும் பள்ளமும். வீட்டுக் கூரையில் போடும் சிங்க் தகட்டைப் பாருங்கள். அது ஏன் அலை அலையாக இருக்கிறது? தட்டையாக இருந்தால் தன் எடையிலேயே தொங்கிவிடும். நெளிவு கொடுத்ததும் ஒரு மனிதரின் எடையையே தாங்குகிறது. உலோகத்தின் அளவு கூடவில்லை. வடிவம் மட்டும் மாறியது.

செய்து பாருங்கள் (2): இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். மேலே ஓர் ஏ4 தாளை வைத்து, அதன் நடுவில் ஓர் அழிப்பானை வையுங்கள். தாள் தொய்ந்து விழும். அதே தாளை விசிறி போல மடித்து, மடிப்புகள் ஒரு புத்தக அடுக்கிலிருந்து மற்றதற்குச் செல்லும்படி வையுங்கள். எத்தனை அழிப்பான் தாங்குகிறது என்று எண்ணுங்கள்.

ஒரு தட்டையான தகடு வளையாமல் விறைத்து நிற்கும் திறன் அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. தடிமனை இரண்டு மடங்காக்கினால் எடை இரண்டு மடங்காகும். விறைப்பு எட்டு மடங்காகும். மேடு எழுப்புவது என்பது, கூடுதல் உலோகம் சேர்க்காமலேயே தகட்டைத் தடிமனான தகடு போல நடந்துகொள்ளச் செய்யும் தந்திரம். தசை வடித்த கவசத்தில் தட்டையான இடமே கிடையாது. அதன் அழகும் விறைப்பும் ஒரே வளைவிலிருந்து வருகின்றன.

அதோடு, மேடு எழுப்ப விழுந்த அடிகள் அந்த இடத்தின் அணுக்களையும் இறுக்கியிருக்கும். ஆக, ஒரே அடி இரண்டு வேலை செய்கிறது: வடிவத்தால் விறைப்பு, நெரிசலால் இறுக்கம்.

நம் ஜொகூரிலிருந்தே ஓர் ஒப்பீடு தருகிறேன். மூவாரில் கம்போங் பெஞ்சு என்ற இடத்தில் பழங்கால வெண்கல மணி கிடைத்தது. இதைப் போன்ற இன்னொரு மணி 1905இல் கிள்ளானில் கிடைத்து, இப்போது இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுருள் சுருளான கோலங்கள் அவற்றில் உண்டு. ஆனால் அவை வார்ப்பு வேலை. கோலம் அச்சிலேயே இருந்தது. உருகிய வெண்கலம் ஓடிவந்து அதை நிரப்பிக்கொண்டது. அந்தக் கோலத்தில் சுத்தியலின் இறுக்கம் கிடையாது. மணிக்கு அது தேவையும் இல்லை. பார்வைக்கு ஒரே மாதிரியான கோலம்தான். உள்ளே அணுக்களின் கதை வேறு.

அப்படியானால் வேல் நுழையாதா?

அவசரப்படாதீர்கள். மேட்டுக்குச் செலவும் உண்டு. தகட்டை மேலே தள்ளும்போது அது நீள்கிறது. நீண்ட இடத்தில் தடிமன் குறைகிறது. குமிழின் உச்சிதான் தகட்டின் மிக மெல்லிய இடம். இன்னொன்று: வழவழப்பான வளைவில் ஈட்டி பட்டால் சறுக்கி விலகும். பூவும் குமிழும் நிறைந்த இடத்தில் ஈட்டிமுனைக்குப் பிடிமானம் கிடைத்துவிடும்.

கி.மு. 474இல் இத்தாலியின் கூமே கடற்கரையில் எட்ருஸ்கர்கள் கிரேக்கர்களிடம் கடற்போரில் தோற்றார்கள். வென்ற சிரக்கூசு மன்னர் ஹியரோன், எதிரிகளின் தலைக்கவசத்தில் வெற்றிச் செய்தியைப் பொறித்து ஒலிம்பியா கோயிலுக்குக் காணிக்கை அனுப்பினார். அதில் ஒன்று 1817இல் கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உண்மையான போரைப் பார்த்த அந்த எட்ருஸ்கத் தலைக்கவசத்தில் பூவும் இல்லை, பறவையும் இல்லை. வளைந்த, எளிய வெண்கலம். நடுவில் ஒரு விளிம்பு மேடு மட்டும் ஓடுகிறது.

தடிமன் எவ்வளவு முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மார்புத் தகடு 40 சென்டிமீட்டர் நீளம், 35 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 1,400 சதுர சென்டிமீட்டர். தடிமன் 1 மில்லிமீட்டர் என்றால் கனஅளவு 140 கன சென்டிமீட்டர். வெண்கலத்தின் அடர்த்தி 8.8. எனவே எடை ஏறத்தாழ 1.2 கிலோ. தடிமனை 0.3 மில்லிமீட்டராகக் குறைத்தால் வெறும் 370 கிராம். அணிவது சுகம், ஆனால் காவல் குறைவு. முன்னும் பின்னும் 2 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 5 கிலோ; காவல் உண்டு, ஆனால் அதைச் சுமந்துகொண்டு வெயிலில் ஓட வேண்டும்.

இதை அறிஞர்கள் செய்தும் பார்த்திருக்கிறார்கள். 1962இல் ஜான் கோல்ஸ் என்ற தொல்லியலாளர், ஐரோப்பாவில் கிடைத்த பழைய மெல்லிய உலோகக் கேடயத்தைப் போலவே ஒன்று செய்து, வாளால் வெட்டச் செய்தார். தகடு எளிதாகக் கிழிந்தது. பக்கத்தில் வைத்த தோல் கேடயமோ தாக்குப் பிடித்தது! அதனால் வெண்கலக் கேடயங்கள் எல்லாம் வெறும் ஊர்வலப் பொருள்கள் என்று பலர் முடிவு கட்டினார்கள். பின்னாளில் பேரி மல்லாய் போன்றவர்கள், தடிமன் கூடிய வெண்கலத்தை முறையாக அடித்து இறுக்கிச் சோதித்தபோது, அது போருக்கு உதவும் என்று தெரிந்தது. ஒரே ஒரு சோதனையை வைத்து எல்லாக் கவசத்துக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது இதில் நமக்கும் பாடம்.

உடல் முழுதும் மூடும் கவசத்தை அணிந்து போரிட முடியுமா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 1960இல் கிரேக்கத்தின் தெந்திரா கிராமத்தில் ஒரு கவசம் கிடைத்தது. எட்ருஸ்கர்களுக்கும் பல நூற்றாண்டு முந்தியது. எடை 15 கிலோவுக்கு மேல். அதன் நகலை அணிந்து கிரேக்கக் கடற்படை வீரர்கள் 13 பேர், 11 மணி நேரம், அக்காலப் போரைப் போன்ற அசைவுகளைச் செய்தார்கள். இதயத் துடிப்பு, உடல் வெப்பம் எல்லாம் அளக்கப்பட்டன. முடிவு 2024இல் வெளிவந்தது: அதை அணிந்து போரிட முடியும்.

ஆக, எட்ருஸ்கர்களிடமும் இரண்டு வகை இருந்திருக்கிறது. ஒன்று அடி வாங்க. மற்றது கண்ணில் பட. செர்வெத்தேரியில் 1836இல் திறக்கப்பட்ட ரெகோலினி-கலாசி கல்லறையில், வரிசை வரிசையாகப் புடைப்பு வேலை செய்த மெல்லிய வெண்கலக் கேடயங்கள் கிடைத்தன. கூடவே, சிறுசிறு விலங்கு உருவங்கள் நிறைந்த ஒரு தங்க மார்புத் தகடும் இருந்தது. அது ஓர் உயர்குடிப் பெண்ணின் கல்லறைச் செல்வம். யாரும் அவரை வாளால் வெட்டப்போவதில்லை. கவசத்தின் வடிவம் மட்டும் மிஞ்சி, அதன் வேலை மதிப்பைக் காட்டுவதாக மாறிவிட்டது.

மாணவருக்கு என் பதில்

அடுத்த வகுப்பில் அந்த மாணவரிடம் சொன்னேன்: "ஓட்டை விழும். கோயில் கவசம் மெல்லியது, வெள்ளி மென்மையானது. வேலின் முன் அது நிற்காது. ஆனால் அதைச் செய்த கைக்கு, வேலைத் தடுக்கும் கவசமும் செய்யத் தெரிந்திருக்கும். உலோகத்தை மாற்றி, தகட்டைத் தடிமனாக்கி, பூவைக் குறைத்து, கடைசி அடியைக் காய்ச்சாமல் விட்டால் போதும். வேலை ஒன்றுதான்."

அவர் சற்று யோசித்துவிட்டு இன்னொன்று கேட்டார். "அப்படியென்றால் ஏன் டீச்சர் சில பழைய கவசங்களில் மூக்கும் பூவும் தேய்ந்துபோயிருக்கின்றன? யாரும் குத்தவில்லையே?"

நல்ல கேள்வி. குத்தியது வேல் இல்லை, நாம்தான். திருவிழாவுக்கு முன்பு பளபளக்க வேண்டும் என்று புளி, எலுமிச்சை, பாலிஷ் போட்டு அழுத்தித் தேய்க்கிறோம். புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள அமிலம் கறுத்த மேல்படலத்தைக் கரைக்கிறது. தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகமும் துணியோடு வந்துவிடும். எந்த இடம் முதலில் தேயும்? மேடான இடம். எந்த இடம் ஏற்கெனவே மெல்லியது? அதே மேடான இடம். பூவின் உச்சியும் மூக்கின் நுனியும் முதலில் போவது அதனால்தான்.

நம் ஜொகூருக்கு மூன்று பக்கமும் கடல். உப்புக் காற்றும் ஈரமும் செம்பையும் வெண்கலத்தையும் விரைவில் நிறம் மாற்றும். குளோரைடு உப்பு தங்கிவிட்டால் வெளிர்பச்சைத் தூள் பூக்கத் தொடங்கி, உள்ளே அரித்துக்கொண்டே போகும். அதற்கு மருந்து அழுத்தித் தேய்ப்பது அன்று. பயன்படுத்திய பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, மென்மையான துணியால் ஒற்றி எடுத்து, முழுதும் உலர்த்தி, ஈரமில்லாத இடத்தில் வைப்பதுதான்.

அடுத்த முறை கோயிலில் கவசம் சாத்தியிருக்கும்போது, கும்பிட்டுவிட்டு ஒரு நிமிடம் கூர்ந்து பாருங்கள். எந்தப் பூ பின்புறமிருந்து தட்டி எழுப்பியது, எந்தக் கோடு முன்புறமிருந்து உளியால் இழுத்தது, எந்த மேடு தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முடிகிறதா? கோயிலில் கவசத்தைத் துலக்கும் பொறுப்பில் இருப்பவர் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால், மூக்கு ஏன் முதலில் தேய்கிறது என்று மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் அந்த மாணவர் அதைத் தன் தாத்தாவிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் ஊர்க் கோயிலில் கவசத்தைத் துலக்குபவரே அவர்தானாம். இந்த ஆண்டு புளி இல்லை. தண்ணீரும் பருத்தித் துணியும் மட்டும்.